கருமுட்டை நாளைக் கணித்தல்: பிரிக்பீல்ட்ஸ் நாட்குறிப்பு

3 பிப்ரவரி 2025, திங்கள்

இன்று மாதவிலக்கு தொடங்கியது. கருத்தரிக்கப் பதினான்காம் நாளே உகந்தது என்று அத்தை உறுதியாகச் சொல்கிறார். அது 28 நாள் சுழற்சிக்கு ஓரளவு பொருந்தும் கணக்கு. கருமுட்டை வெளியேறியதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரையிலான இடைவெளியே ஏறக்குறைய 14 நாள் என்பதால், 32 நாள் சுழற்சி உள்ள எனக்குக் கருமுட்டை வெளியேறுவது 18ஆம் நாளை ஒட்டி வரக்கூடும். ஆகவே 15ஆம் நாளிலிருந்து சோதிப்பதற்காக கருமுட்டை வெளியேறும் நாளைச் சிறுநீரில் கண்டறியும் சோதனைப் பட்டைகளை மருந்தகத்தில் வாங்கி வைத்தேன். ஃபோலிக் அமிலம் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் தொடர்கிறது.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். பத்துமலையில் உறவினர் பலர் "விசேஷம் உண்டா?" என்று என்னிடம் கேட்டனர். அன்பினால்தான் கேட்கிறார்கள், ஆயினும், காரணம் ஆணிடமும் இருக்கக்கூடிய ஒன்றைப் பெண்ணிடம் மட்டுமே கேட்பது எனக்கு ஏற்புடையதன்று. விந்துப் பரிசோதனைக்குத் தாமும் செல்வதாகக் கணவர் சொன்னது மனத்துக்கு ஆறுதலாக இருந்தது.

17 பிப்ரவரி, திங்கள்

முதல் சோதனை. சோதனைக் கோடு மங்கலாகத் தெரிந்தது. கர்ப்பச் சோதனையில் மங்கலான கோட்டுக்கும் பொருள் உண்டு, இதிலோ ஒப்பீட்டுக் கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அழுத்தமாகவோ தெரிந்தால்தான் கருமுட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உயர்ந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும். கோலாலம்பூர் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது கடினம். ஆனால் சிறுநீர் நீர்த்துப்போனால் அந்த உயர்வு தென்படாமல் போகலாம் என்பதால், சோதனைக்கு முந்தைய இரண்டு மணி நேரம் மட்டும் அளவாகக் குடிக்கிறேன். நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது.

20 பிப்ரவரி, வியாழன்

கோடு அழுத்தமாகத் தெரிந்தது! பொதுவாக இவ்வுயர்வுக்குப் பின் 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறும். ஆனால் இதற்காகக் காத்திருந்து தொடங்குவது சரியன்று என்பதே என் கருத்து: வெளியேறிய முட்டை 12 முதல் 24 மணி நேரமே உயிர்த்திருக்கும், விந்தணுக்களோ ஐந்து நாள் வரை உடலுக்குள் காத்திருக்கக்கூடும். அதனால்தான் சென்ற வார இறுதியிலிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூடி வந்தோம்; இன்றும் நாளையும் தொடர்வோம்.

24 பிப்ரவரி, திங்கள்

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி) உள்ள தோழி ஒருத்தி, தனக்குப் பட்டை அடிக்கடி அழுத்தமாகக் காட்டுவதாகக் கூறினாள். அந்நிலையில் எல்.எச். அளவு எப்போதுமே உயர்ந்திருக்கலாம். மேலும், முட்டை உண்மையிலேயே வெளியேறியதா என்பதைப் பட்டை உறுதிசெய்யாது. அதற்கு, மாதவிலக்கை எதிர்பார்க்கும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பாக முட்டை வெளியேறிய பின் உயரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனை அளக்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. 35 வயதுக்கு உட்பட்டோர் ஓராண்டும், அதைக் கடந்தோர் ஆறு மாதமும் முயன்ற பின் மருத்துவரை நாட வேண்டும். அவளைப் போல் சுழற்சி ஒழுங்கற்றவர்கள் அதுவரை காத்திருக்கவே கூடாது. இவ்வாரமே மருத்துவரிடம் முன்பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். நானும் உடன் செல்கிறேன்.