எதை, எப்போது நிறுத்துவது

"எந்த மாத்திரைய எப்ப நிறுத்தணும் டாக்டர்?" என்று மகள் கேட்டார். "அடுத்த தடவ ஓ.பி.க்கு வரும்போது சொல்றேன்மா. அதுவரைக்கும் எதையும் நிறுத்திடாதீங்க" என்று சொன்னேன். டிஸ்சார்ஜ் நாளின் மதியம் அது. அந்தப் பதிலில் மருத்துவப்படி பிழை எதுவும் இல்லை. பிழை இல்லாததுதான் இன்றுவரை அரிக்கிறது.

பெரியவருக்கு 68 வயது, 54 கிலோ எடை, சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. மாரடைப்போடு வந்தார். இதயத்தின் முன்பக்கத் தமனியான எல்.ஏ.டி.யிலும் அதன் கிளையிலுமாக மருந்து பூசிய ஸ்டென்ட் 2 வைத்தோம். வரும்போதே நாடி தாறுமாறாக இருந்தது. ஈ.சி.ஜி.யில் மேலறையின் துடிப்பைக் காட்டும் பி அலை இல்லை, துடிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒன்றைப்போல் ஒன்று இல்லை, வேகம் 140. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், வார்டு மொழியில் ஏ.எஃப். மாரடைப்பின் அதிர்ச்சியில் சில மணி நேரம் வந்துபோகும் ஏ.எஃப். உண்டு, அதற்கு என்ன செய்வது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. இவருடையது அந்த வகை இல்லை. எக்கோவில் இடது மேலறை நன்றாக விரிந்திருந்தது. ரொம்ப நாளாகவே இருந்திருக்க வேண்டும். மெட்டோபுரோலாலில் வேகம் 90க்கு இறங்கியதே தவிர தாளம் திரும்பவில்லை. பக்கவாத அபாய மதிப்பெண்ணில் வயதுக்கு 1, பி.பி.க்கு 1, சர்க்கரைக்கு 1, ரத்தக்குழாய் நோய்க்கு 1, ஆக 4. ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை.

சிக்கல் என்னவென்றால் ஸ்டென்ட்டில் கட்டும் ரத்தக்கட்டியும் மேலறையில் கட்டும் ரத்தக்கட்டியும் ஒரே சாதி இல்லை. இதயத் தமனியில் ரத்தம் வேகமாக ஓடுகிறது. அங்கே புதுக் கம்பியைக் கண்டு முதலில் போய் ஒட்டுபவை தட்டணுக்கள். அதற்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும். ஏ.எஃப்.பில் மேலறை சுருங்குவதில்லை, வெறுமனே நடுங்குகிறது. அதன் காதுமடல் போன்ற பையில் ரத்தம் குட்டைத் தண்ணீர்போலத் தேங்குகிறது. அங்கே ஃபைப்ரின் என்னும் புரத நூல் பின்னித்தான் கட்டி உருவாகும். அதைத் தடுப்பது அபிக்சபான், ரிவராக்சபான், டாபிகட்ரான், பழைய வார்ஃபரின், அசினோகுமரால் போன்றவை. ஒன்று இன்னொன்றின் வேலையைச் சரியாகச் செய்யாது. இரண்டு இடத்தையும் காக்கப்போனால் 3 மருந்து. மூன்றும் சேர்ந்தால் ரத்தக்கசிவு.

இதெல்லாம் தெரியாமல் எழுதிய சீட்டு இல்லை அது. 2013இல் வந்த வோஸ்ட் ஆய்வே கண்ணைத் திறந்துவிட்டது: 573 பேரில், மூன்றும் சாப்பிட்டவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் ஓராண்டுக்குள் ஏதோ ஒரு ரத்தக்கசிவு, ஆஸ்பிரினை விட்டவர்களில் 19 சதவீதம். 2019இல் அகஸ்டஸ் ஆய்வு, 4,614 பேர்: ஆறு மாதத்தில் ஆஸ்பிரின் சேர்த்தவர்களில் 16.1 சதவீதத்துக்குக் குறிப்பிடத்தக்க ரத்தக்கசிவு, சேர்க்காதவர்களில் 9.0. ஆஸ்பிரினை விட்டதால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்டவர்கள் சற்றுக் கூடத்தான் தெரிந்தார்கள், ஆனால் மிகச் சிலர், அதுவும் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே. இதிலிருந்து வந்ததுதான் இன்றைய வழக்கம். மூன்றும் சேர்த்து ஒரு வாரம். கிளை பிரியும் இடத்தில் ஸ்டென்ட் வைத்தவர்போல அடைப்பு அபாயம் கூடியவருக்கு அதிகபட்சம் ஒரு மாதம். அப்புறம் ஆஸ்பிரின் போய்விட வேண்டும். அபிக்சபானும் குளோபிடோக்ரெலும் மாரடைப்பு வந்தவருக்கு ஓராண்டு வரை, ரத்தக்கசிவு பயம் இருந்தால் ஆறு மாதம். பிறகு அபிக்சபான் மட்டும்.

பெரியவருக்கு நான் நினைத்தது ஒரு மாதம். மனதில் இருந்தது. சீட்டில் இல்லை.

அபிக்சபான் 5 மி.கி. காலை, இரவு. (54 கிலோதானே என்று 2.5க்கு இறக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். 80 வயது, 60 கிலோவோ அதற்குக் கீழோ எடை, கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் இறக்கலாம். இவருக்கு இருந்தது ஒன்று. அதில் சரியாகத்தான் இருந்தேன்.) இரைப்பைக்குப் பான்டோபிரசோல், ஏனென்றால் ஒமிபிரசோல் குளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். இத்தனை யோசித்த கை, ஆஸ்பிரினுக்கு நேரே ஒரு தேதி எழுதவில்லை.

ஐந்தாவது வாரம் ஓ.பி.க்கு வந்தார்கள். அன்றைக்கு வேறொரு டாக்டர். சீட்டைப் பார்த்தார், நெஞ்சுவலி இல்லை, பி.பி. சரி, "அதே மருந்தைத் தொடரவும்". அவரைக் குறை சொல்ல வாயில்லை. 80 பேர் உட்கார்ந்திருக்கும் ஓ.பி.யில், எழுதாத தேதியை எவர் படிக்க முடியும்? அதற்குப் பிறகு வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலில் பழைய சீட்டையே காட்டி மாதாமாதம் வாங்கியிருக்கிறார்கள். நடுவில் முழங்கால் வலிக்கு அங்கேயே டைக்ளோஃபெனாக், இரைப்பையைப் புண்ணாக்கும் வலி மாத்திரை. நான்காம் மாதம் தார்போல மலம், எழுந்தால் தலைசுற்றல், ஹீமோகுளோபின் 6.2. அருகில் இருந்த மருத்துவமனையில் சேர்த்து, ரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் பார்த்து, எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள். அந்த நேரத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

திரும்ப எப்போது தொடங்குவது என்று அவர்கள் எழுதவில்லை. நிறுத்தும் தேதி என் சீட்டில் இல்லை. தொடங்கும் தேதி அவர்கள் சீட்டில் இல்லை. அபிக்சபானின் காவல் இரண்டு நாளில் தீர்ந்துவிடும். குளோபிடோக்ரெல் ஐந்து முதல் ஏழு நாள் தாக்குப்பிடிக்கும். ஒன்பதாம் நாள் காலை பல் துலக்கப் போனவருக்கு வலது கை விழுந்தது, பேச்சு நின்றது.

ஸ்டென்ட்டுகள் இரண்டும் திறந்தேதான் இருந்தன. பேச்சு போனவரைப் பார்த்துவிட்டு அதைத்தான் முதலில் விசாரித்தேன். ஏன் அதை முதலில் கேட்டேன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். ஸ்டென்ட் அடைத்தால் ஆள் ஸ்டென்ட் வைக்கும் என் கேத் லேபுக்கே வருவார், என் கை வேலை என் கண் முன்னால் தோற்கும். ரத்தம் கசிந்தால் இரைப்பை டாக்டரிடம் போவார். பக்கவாதம் வந்தால் நரம்பியல் வார்டு. ஏ.எஃப். உள்ளவருக்கு ஆஞ்சியோபிளாஸ்டிக்குப் பிறகு நடக்கும் கெடுதல்களில் பல எங்கள் மாடியில் நடப்பதே இல்லை. கண்ணில் படும் அபாயத்துக்கு மூன்று மாத்திரை, கண்ணில் படாததற்கு "அடுத்த தடவை". அப்படியா யோசித்தேன்? அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை மிகுதி என்றுதான் தோன்றியது.

என் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. முதல் மாதத்தில் குளோபிடோக்ரெலை விட்டுவிட்டு, அடைத்த ஸ்டென்ட்டோடு வந்தவர்களை எல்லாக் கேத் லேபும் பார்த்திருக்கிறது. அவர்களில் பலர் பிழைப்பதில்லை. "எதையும் நிறுத்திடாதீங்க" என்ற வாக்கியம் அந்தச் சாவுகளிலிருந்து பிறந்தது. அது உயிர் காத்திருக்கிறது. பெரியவரிடமும் முதல் மாதம் அது காத்தது என்றே நம்புகிறேன். இரண்டாம் மாதத்திலிருந்து அதே வாக்கியம் அவருக்கு எதிராகத் திரும்பியது.

இப்போது சீட்டில் தேதி எழுதுகிறேன். "ஆஸ்பிரின் 75: இந்தத் தேதி இரவோடு நிறுத்தவும். குளோபிடோக்ரெல் 75: இந்த மாதம் வரை. அபிக்சபான் 5: நிறுத்தக் கூடாது. வேறு எந்த மருத்துவமனை நிறுத்தினாலும், அன்றே திரும்பத் தொடங்கும் தேதி கேட்கவும்." எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். வலி மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் மட்டும் என்று கீழே ஒரு வரி. இதைச் செய்ய ஒருவருக்கு நான்கு நிமிடம் கூடுதலாகிறது.

தேதி எழுதியதால் தீர்ந்துவிட்டதா என்றால், அண்மையில் ஒருவர் வந்தார். மெடிக்கலில் தனித்தனி மாத்திரை இல்லையென்று ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் அட்டோர்வாஸ்டாட்டினும் ஒன்றாக உள்ள கேப்ஸ்யூலைக் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊரில் அது சர்வசாதாரணம், விலையும் குறைவு. குறித்த தேதியில் "ஆஸ்பிரின்" என்று அட்டையில் இருந்ததைப் பார்த்து அந்தக் கேப்ஸ்யூலையே நிறுத்திவிட்டார். ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலும் கொழுப்பு மருந்தும் போயின. ஐந்தாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை அவருடைய ஸ்டென்ட்டுக்கு அபிக்சபான் ஒன்றே துணை. ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், நான் எழுதிய தேதியால்தான் ஆகியிருக்கும்.

ஆக, சீட்டில் தேதி எழுதினால் மட்டும் போதாது. ஆஸ்பிரினைத் தனி அட்டையாகக் கொடுத்து, முதலிலேயே எண்ணி 30 மட்டும் வழங்கிவிட வேண்டும். சேர்ப்பு கேப்ஸ்யூல் தரக் கூடாது என்று மருந்துக் கடைக்கும் ஒரு வரி எழுத வேண்டும். தீர்ந்துபோன அட்டையைத் தவறாகத் தொடர முடியாது. இதுவும் எங்கே உடையும் என்று இப்போதைக்குத் தெரியவில்லை. உடையும் என்று மட்டும் தோன்றுகிறது.

அந்த மகள் மாதம் ஒருமுறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். கைத்தடியோடு நடக்கிறார் பெரியவர். சொற்கள் இன்னும் வரவில்லை. மகள் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டார். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஏ.எஃப்.பில் ஏமாற்றும் என்று சொன்னதிலிருந்து முழு நிமிடம் எண்ணுகிறார். இப்போது அபிக்சபானும் குளோபிடோக்ரெலும் ஓடுகின்றன. இவ்வளவு ரத்தம் போனவருக்கு ஆறாம் மாதத்தோடு குளோபிடோக்ரெலை நிறுத்திவிடலாம். அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவர் வீட்டுக் காலண்டரிலும் குறித்துவிட்டார். நாள்பட்ட இதய நோயாளிகளுக்கு ஓராண்டுக்குப் பிறகு ரிவராக்சபான் மட்டும் போதும் என்று காட்டிய ஜப்பானிய அஃபயர் ஆய்வை, அதோடு தட்டணு மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் சாவு கூடியதால் முன்கூட்டியே நிறுத்தினார்கள். அது எனக்குத் தெரியும். இவருக்கு இன்னும் ஓராண்டு ஆகவில்லை என்பதும், கிளை பிரியும் இடத்தில் 2 ஸ்டென்ட் இருக்கின்றன என்பதும் தெரியும்.

அடுத்த மாதம் 12ஆம் தேதி அது. சென்ற வாரம் மகள் கேட்டார்: "12ஆம் தேதி நிறுத்திடலாம்தானே டாக்டர்?"

"வாங்க, அன்னிக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாத்துட்டுச் சொல்றேன்மா" என்றேன். அந்த முடிவுக்கு ஈ.சி.ஜி. தேவையே இல்லை.