நான் அழித்த வரிசைகள்

கணக்குப் பிரிவில் என் வேலை சம்பளப் பட்டியல் போடுவது. எக்செலில் ஒரு ஆளுக்கு ஒரு வரிசை: பெயர், ஊழியர் எண், அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள், கைக்கு வரும் தொகை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி வங்கிக்கு ஒரு கோப்பு அனுப்புவேன். அப்புறம் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை அரசுக்குக் கட்டுவேன். இந்த இரண்டாவது வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பல வருடம் செய்தும் அந்தத் தொகையை நான் நின்று பார்த்ததில்லை.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் திவால் மனு போட்ட செய்தி வந்தபோது, அது வங்கிக்காரர்கள் பாடு என்றுதான் அலுவலகத்தில் பேசிக்கொண்டோம். எங்களுடையது வெளிநாட்டு ஆர்டர்களை நம்பிப் பிழைக்கும் உற்பத்தி நிறுவனம். சில மாதங்களில் ஆர்டர் வற்றியது. முதலில் ஓவர்டைம் நின்றது. அடுத்து ஒப்பந்த ஆட்கள் போனார்கள். அவர்கள் என் பட்டியலில் இல்லாததால் எனக்கு அது தெரியவே இல்லை. கேன்டீனில் கூட்டம் குறைந்ததைப் பார்த்துத்தான் விசாரித்தேன். கொஞ்ச நாளில் கேன்டீன்காரரும் இரண்டு ஆட்களை நிறுத்தினார்.

பிறகு நிரந்தர ஊழியர்களின் முறை. ஹெச்.ஆர். அனுப்பிய கோப்பில் பெயர்கள் இல்லை, எண்கள் மட்டும். நாலு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. பெயர் இல்லாவிட்டால் மனது லேசாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்க வேண்டும். பத்து வருடம் சம்பளம் போட்டவனுக்கு எண்ணைப் பார்த்தாலே முகம் தெரியும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

அந்த வரிசைகளை அழிக்கக் கை வராமல், மறைத்து மட்டும் வைத்தேன். மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். "என்னய்யா, ஆளைக் குறைச்சும் டோட்டல் குறையலையே?" எக்செலில் மறைத்த வரிசையும் கூட்டலில் சேரும். போய் அழித்தேன். மொத்தம் குறைந்தது.

செட்டில்மென்ட் நாளில் ஸ்டோர்ஸில் இருந்த மூத்தவர் ஒருவர் தன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தேகம்தான். "வருஷம் பூரா சம்பளம் வரும்னு கணக்குப் போட்டுத்தானே தம்பி மாசாமாசம் வரி பிடிச்சீங்க? இப்ப பாதியிலயே முடிஞ்சு போச்சே. பிடிச்சது ஜாஸ்தி இல்லையா?" ஜாஸ்திதான். படிவம் கொடுத்துக் கேட்டால் அரசு திருப்பித் தரும் என்று சொல்லி, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

அந்த மாதம் வரி கட்டும்போதுதான் தொகையை நின்று பார்த்தேன். ஆள் கால் பங்கு குறைந்திருக்க, வரி ஏறக்குறைய பாதியாகியிருந்தது. வெளியே போனவர்களில் அதிகச் சம்பளக்காரர்கள் நிறைய. மிச்சம் இருந்தவர்களுக்கும் சம்பள வெட்டு. வருமானம் சரிந்தால் வரி அதைவிட வேகமாகச் சரியும் என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். என் கையால் கட்டிய தொகையில் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது.

அதே வாரம் எல்லாச் செய்தியிலும் அரசுக் கடன். மேனேஜர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கம்பெனியா இருந்தா என்ன, கவர்ன்மென்ட்டா இருந்தா என்ன, விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும். நாம பண்ணின மாதிரி அவங்களும் பண்ணணும்" என்றார். நானும் தலையாட்டினேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கே இடிக்கிறது என்று புரியச் சில வருடம் ஆயிற்று. கம்பெனி அனுப்பிவிட்ட ஆள் கம்பெனியின் கணக்கிலிருந்து போய்விடுகிறார். அவருடைய வரிசையை நான் அழிக்கலாம். அரசின் கணக்கிலிருந்து அவர் எங்கே போவார்? வரி கட்டும் பக்கத்திலிருந்து உதவி வாங்கும் பக்கத்துக்கு நகர்கிறார், அவ்வளவுதான். அவர் வாங்காமல் விட்ட பொருளால் இன்னொரு கடையின் வரியும் குறைகிறது. சரிவுக் காலத்தில் அரசு ஒரு முடிவும் எடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால்கூடக் கடன் ஏறும்.

அமெரிக்காவில் 2007 கடைசியில் 5 சதவீதத்தை ஒட்டியிருந்த வேலையின்மை 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2007 நிதியாண்டில் சுமார் 16,000 கோடி டாலராக இருந்த அரசின் பற்றாக்குறை, அதாவது வரவை மிஞ்சிய செலவு, 2009இல் ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி டாலர். வங்கிகளை மீட்கப் போட்ட பணமும் ஊக்கத் திட்டமும் இதில் உண்டு. ஆனால் வரி வருவாய் விழுந்ததும் பெரிய பங்கு. எங்களைப் போன்ற எத்தனை அலுவலகங்களில் எத்தனை பேர் வரிசை அழித்தார்களோ!

மேனேஜர் சொன்னபடியே செய்து பார்த்த நாடு கிரீஸ். வேறு வழியில்லாமல், 2010இலிருந்து கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைப்படி சம்பளம், ஓய்வூதியம், ஆட்கள் என்று வெட்டினார்கள். 2009இல் நாட்டு உற்பத்தியில் 127 சதவீதம் அளவில் இருந்த கடன், 2012இல் தனியார் கடன்காரர்கள் பெரும் தொகையை விட்டுக்கொடுத்த பிறகும், 2013இல் 175ஐத் தாண்டி நின்றது. கடனை வெட்டப் போய் உற்பத்தியே நாலில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. வேலையின்மை 27 சதவீதத்துக்கு மேல். செலவுக் குறைப்பு பொருளாதாரத்தை எவ்வளவு சுருக்கும் என்பதைத் தொடக்கத்தில் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள் என்று 2013இல் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்.) அப்போதைய தலைமைப் பொருளாதார அறிஞர் ஒலிவியே பிளான்ஷாரும் டேனியல் லீயும் எழுதினார்கள்.

அதே 2013இல் வந்த இன்னொரு செய்தியைப் படித்து எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கடன் உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று பொருளாதார அறிஞர்கள் ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் 2010இல் எழுதிய ஆய்வை, சிக்கனம் பேசிய அரசியல்வாதிகள் பலர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அந்த எக்செல் கோப்பை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. முடிவை அதிகம் மாற்றியது அந்தப் பிழையல்ல, தரவுகளுக்கு எடை போட்ட விதமும் சில ஆண்டுகளை விட்டதும்தான். எல்லாவற்றையும் சரிசெய்தபோது 90 சதவீதத்தைத் தாண்டிய பிரிவின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 இல்லை, 2.2 சதவீதம் என்று வந்தது. கடன் கூடினால் வளர்ச்சி குறைகிறது என்ற அடிப்படைக் கருத்து நிற்கிறது என்று ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் பதில் சொன்னார்கள். இருக்கலாம். எனக்கு அந்த ஐந்து வரிசைகள்தான் கண்ணில் நின்றன.

அதற்காகக் கடன் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்நிய நாணயத்தில் வாங்கிய கடனுக்கு டாலர் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்திய இலங்கையில் பார்த்தோம். என் சண்டை அந்த விரல், வீக்கம் உவமையோடுதான்.

ஸ்டோர்ஸ்காரர் அடுத்த வருடம் ஒருமுறை போன் செய்தார், வேறு ஏதோ கையெழுத்துக்காக. வரிப் பணம் வந்ததா என்று கேட்டேன். "வந்துச்சு தம்பி. மூணு மாச வாடகைக்கு ஆச்சு" என்றார். அந்த ஆண்டுப் பற்றாக்குறையில் எங்கோ ஒரு மூலையில் அந்த மூன்று மாத வாடகையும் இருக்கிறது.