அந்த முதல் தாள்

என் சித்தி மகளுக்கு நடந்தது இது. அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் இருக்காது. பாலியல் வன்கொடுமையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம்.

2021 ஆகஸ்ட். ஒரு ரைஸ் மில் களத்தில் நெல் காயவைக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். செய்தவன் முதலாளியின் தம்பி. அந்த ராத்திரியைப் பற்றி இதற்கு மேல் அவள்தான் பேச வேண்டும், நான் இல்லை.

மறுநாள் காலை சித்தியும் அவளும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். பதினொரு மணியிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார்கள். மூன்று மணிக்கு முதலாளி வண்டியில் வந்து இறங்கி நேரே உள்ளே போனார். பின்னாலேயே டீ போனது. நாலு மணிக்கு ரைட்டர் எதையோ எழுதி, "கையெழுத்துப் போடும்மா" என்றார். படித்துக் காட்டவில்லை. சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டு அது, வழக்குப் பதிவு இல்லை.

நான் சத்துணவு அமைப்பாளர். அரசாங்கத் தாளைப் படிக்கத் தெரியும். ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் அந்த ரசீதைப் பார்த்தேன். 'கூலி பாக்கி கேட்டதில் வாய்த்தகராறு.' அவ்வளவுதான். இவள் பேசியது ஒரு மணி நேரம். அதில் கூலி என்ற சொல்லே வரவில்லையாம்.

அடுத்த நாள் நானும் கூடப் போனேன். "ஏம்மா, அவங்க பெரிய இடம். கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா பொண்ணு பேருதான் கெடும். ஒரு தொகை வாங்கித் தரேன், முடிச்சுக்குங்க" என்றார் இன்ஸ்பெக்டர். பரிவாகத்தான் சொன்னார். எனக்கு எரிச்சலே அந்தப் பரிவில்தான்.

பக்கத்து டவுனில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். முதல் வேலையாக அவளைத் தனியாக உட்கார வைத்து, அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினார். கொச்சையைக்கூட மாற்றவில்லை. அதை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இந்த மாதிரிப் புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்கு அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 166ஏ பிரிவில் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை உண்டு என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். எஃப்.ஐ.ஆர். வந்துவிட்டது. ஆனால் அதற்குள் எட்டு நாள் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது உடம்பில் காயமே மிச்சமில்லை. வசதியுள்ளவன் எட்டு நாளை இப்படித்தான் வாங்குகிறான்.

அப்புறம் சாதிச் சான்றிதழ். நாங்கள் எஸ்.சி., அவர்கள் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடையாது. அதனால் அந்தப் பிரிவைச் சேர்க்க மட்டும் யாருக்கும் கை வரவில்லை. "சான்றிதழ் கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்கள். பள்ளிக்கூட டி.சி.யிலேயே சாதி இருக்கிறது என்றால், அது செல்லாதாம். தாலுக்கா ஆபீசுக்கு ஐந்து நடை. அந்த இடைவெளியில் அவன் ஊரிலேயே இல்லை.

பிடிபட்ட பிறகு ஜாமீன் கேட்டான். அந்தச் சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி எங்களுக்கும் தகவல் சொல்லி, எங்கள் பேச்சையும் கேட்க வேண்டும். நோட்டீஸ் விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. இதுவும் தற்செயல்தான் என்று நம்ப எனக்கு ஆசை.

2021 பிப்ரவரியில் ஒரு செய்தி ஓடியது நினைவிருக்கலாம். சிறப்பு டி.ஜி.பி. ஒருவர் மீது புகார் கொடுக்கச் சென்னைக்குப் போன பெண் ஐ.பி.எஸ். அதிகாரியின் காரையே செங்கல்பட்டு அருகே மறித்தார்கள். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த டி.ஜி.பி.க்கு மூன்று வருஷம் தண்டனை கொடுத்தது. "அந்தம்மாவுக்கே இந்த கதின்னா நான் எம்மாத்திரம்க்கா" என்றாள் இவள். வக்கீலம்மா வாச்சாத்தியைச் சொன்னார். சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் புகுந்து பெண்களை வன்கொடுமை செய்த தர்மபுரி மாவட்ட மலைக்கிராமம். 1992 ஜூனில் நடந்தது, 2011இல்தான் தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் அரசு ஊழியர்கள், அதில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். தைரியம் சொல்லத்தான் சொன்னார். எனக்கு அந்த 19 வருஷம்தான் காதில் நின்றது.

சாட்சிக் கூண்டுக்கு அவள் ஏறியது 2024இல். மூடிய அறை விசாரணை, நான் வராந்தாவில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்து தண்ணீர் கேட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டியது அந்தப் பழைய சி.எஸ்.ஆர். தாளைத்தானாம். "முதலில் கூலித் தகராறு என்றுதானே சொன்னாய்? கையெழுத்து உன்னுடையதுதானே?"

"நீ என்ன சொன்ன?"

"கையெழுத்து என்னுது, எழுத்து என்னுது இல்லைன்னேன். ஜட்ஜம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, 'அதை அப்படியே அடிங்க'ன்னு டைப் அடிக்கிறவர்கிட்ட சொன்னாங்க."

அடுத்த வாய்தா தேதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.