கடைமடைக்காரன் மலை ரயில் ஏறிய கதை

ஜூன் 7, இரவு

மயிலாடுதுறையில் ஜன சதாப்தி பிடித்துக் கோயம்புத்தூர், அங்கிருந்து பஸ்ஸில் மேட்டுப்பாளையம். கூட மாமா, திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆனவர். காவிரி வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை எங்கள் ஊர். வயல் புழுதியாகக் கிடக்கிறது, தண்ணீர் வந்தால்தான் நாற்றங்கால், அதுவரை எனக்கு ஊரில் என்ன வேலை? லாட்ஜில் கொசு, நம் ஊர்க் கொசுவேதான்.

ஜூன் 8

ஊட்டி மலை ரயில் காலை 7.10-க்குக் கிளம்பியது. கல்லாறு வரை சாதாரண ரயில்தான், பாக்குத் தோப்பு வழியாகப் போனது. அப்புறம்தான் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஆரம்பிக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி, பின்னாலிருந்து எங்களைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது. "மாப்ளே, நாலு சிலிண்டர்டா. ரெண்டு சக்கரத்துக்கு, ரெண்டு பல்லுக்கு" என்று மாமா குன்னூர் வரை விடவில்லை. ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றமாம். எங்கள் வயலில் எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம் என்பதே தண்ணீர் கட்டிப் பார்த்தால்தான் தெரியும், அதிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு ஒரு பக்கம் பாறையும் மறு பக்கம் ஒன்றுமே இல்லாததுமாக ரயில் பாலத்தில் ஊர்ந்தபோது வயிறு கலங்கிவிட்டது, வெளியே சொல்லவில்லை.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. எல்லோரும் குரங்கைப் படம் எடுத்தார்கள், நான் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு தண்ணீர். இந்தச் சரிவில் இறங்குவது பவானிக்குப் போகும், பவானி காவிரியில் கூடுவது மேட்டூருக்குக் கீழே. வழியில் பவானிசாகர் அணை, காளிங்கராயன் வாய்க்கால் எல்லாம் எடுத்தது போக மிச்சம்தான் நமக்கு. கடைமடைக்காரன் புத்தி எங்கே போகும்!

குன்னூர் வரை 1899-லேயே ரயில் வந்துவிட்டது, ஊட்டிக்கு 1908-இல். குன்னூரில் டீசல் எஞ்சின் மாற்றினார்கள். மாமா இறங்கி ஓடினார். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை, 2011 முதல் பொன்மலையிலேயே புதிதாகச் செய்தார்கள். எங்களைத் தள்ளி வந்தது பொன்மலை எஞ்சின் என்று தெரிந்ததும், தான் ரிட்டையர் ஆன பிறகு செய்தது என்பதையெல்லாம் மறந்துவிட்டு, சொந்தப் பிள்ளையைத் தட்டுவது போல் ஒரு தட்டு தட்டினார். கை சுட்டுவிட்டது.

கேத்திப் பள்ளத்தாக்கு, லவ்டேல், அப்புறம் ஊட்டி. மொத்தம் 46 கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஊட்டியில் இரண்டு மணி நேரம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. டீயும் வர்க்கியும் ஆனதும், 2 மணி ரயிலில் இறக்கம். பெட்டிக்குப் பெட்டி பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறார். மாமா தூங்கிவிட்டார்.

ஜூன் 10

வீடு. வாய்க்கால் தூர் வாரும் இடத்தில் அரை நாள். 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்கள் என்றுதான் பேச்சு, இங்கே வந்து சேர எத்தனை நாளாகுமோ. சாயங்காலம் மாமா போன்: எஞ்சினோடு எடுத்த படம் நன்றாக வந்திருக்கிறதா என்று. பாதிக்கு மேல் என் கட்டைவிரல்தான் தெரிகிறது. அவருக்கு இன்னும் அனுப்பவில்லை.