மூன்றாம் நம்பர் சாயம்

ஜூலை 14, 2025, திங்கள்

காலைக் காபி ஆறுவதற்குள் போன்.

"அக்கா, ஒரு மூளை பாதி செத்துப்போன மாதிரி இருக்கு. இடது பக்கம் முழுக்க இருட்டு. நடுவுல பளீர்னு வெள்ளைக் கோடு. வலது பக்கம் மட்டும் கொஞ்சம் சாம்பலா தெரியுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவளுக்கு அழுகை வராத குறை. முனைவர் பட்டத்துக்காக மூளையின் பாகங்களை அளந்துகொண்டிருக்கும் பெண். கோப்புகளைச் சரிபார்த்துத் தரும் வேலையை என்னிடம் விட்டிருக்கிறாள். நான் எட்டு வருடம் ஸ்கேன் அறையில் "அசையாம படுங்க, சத்தம் வரும், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது சேலம் அம்மாபேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து, கீழே ஓடும் அப்பாவின் தறிச் சத்தத்தைக் கேட்டபடி, ஊரார் மூளைகளைத் திறந்து பார்க்கிறேன்.

மூளை சாகவில்லை. ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருள் ஒரு மூளையைப் பாகம் பிரித்து முடித்ததும் ஒரு கோப்பு எழுதும். அதில் ஒவ்வொரு வாக்ஸலிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு சின்னக் கனக்கட்டத்திலும், இருப்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, பாகத்தின் எண். இடது வெண்பொருள் 2, இடது புறணி 3. வலது பக்கத்தில் அதே இரண்டும் 41, 42. இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்துக்கு 251 முதல் 255 வரை. இதைச் சாதாரண ஸ்கேன் படம் என்று நினைத்துச் சாம்பல் நிறத்தில் திறந்தால் 2 கறுப்பு, 41 மங்கல், 255 பளீர். அவள் பார்த்தது அதைத்தான்.

படம் பார்க்கும் ஃப்ரீவியூவில் நிற மெனுவைக் கிரேஸ்கேலிலிருந்து லுக்அப் டேபிளுக்கு, அதாவது எண்ணுக்கு நிறம் சொல்லும் அட்டவணைக்கு, மாற்றச் சொன்னேன். மூளைக்கு உயிர் வந்தது.

"ஐயோ, இவ்வளவுதானா அக்கா?"

"இவ்வளவுதான் கண்ணு" என்றேன். வாய் வைத்திருக்கக் கூடாது.

ஜூலை 15, செவ்வாய்

பலித்துவிட்டது. இன்றைக்கு அவளே தயாரித்த நிற அட்டவணை.

அட்டவணை என்று பெயரே தவிர, அது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு பாகத்துக்கு ஒரு வரி. எண், பெயர், சிவப்பு, பச்சை, நீலம், கடைசியில் ஒளிபுகும் தன்மைக்கு ஒரு எண். இடது ஹிப்போகேம்பஸ் என்றால் 17, பெயர், 220, 216, 20, 0. நம்ம ஊர் மாம்பழம் பழுத்து வரும் மஞ்சள். ஃப்ரீசர்ஃபரோடு வரும் அட்டவணையில் ஆயிரத்துக்கும் மேல் வரிகள். அவளுக்குப் பதினான்கு பாகங்கள் போதும். எக்செல்லில் திறந்து, வேண்டாததை அழித்து, கமா போட்ட கோப்பாகச் சேமித்திருக்கிறாள். போதாததற்கு, பெயர்களுக்கு நடுவில் இருந்த சிறுகோடுகளை "அழகா இல்ல" என்று எடுத்துவிட்டாள்.

அந்தச் சிறுகோடு அழகுக்கு இருப்பதில்லை. இந்தக் கோப்பில் இடைவெளிதான் வேலி. 'லெஃப்ட்' என்பதைப் பெயர் என்று எடுத்துக்கொண்ட மென்பொருள், அடுத்த சொல்லான 'ஹிப்போகேம்பஸ்' எத்தனை சிவப்பு என்று கேட்டு முழிக்கும். கமாவை எடுத்து, கோட்டைப் போட்டு, பதினோரு மணிக்குள் முடித்தேன்.

மத்தியானம்தான் நேரம் தின்றது. அவளுடைய வழிகாட்டி ஐடிகே-ஸ்நாப் என்ற வேறொரு மென்பொருளில்தான் பார்ப்பாராம். அதற்கென்று அவளே வரிசையை மாற்றி எழுதியிருந்தாள். திறந்தால் பட்டியலில் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக நிற்கின்றன, படத்தில் ஒன்றுமே இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. செய்தி வந்தாலாவது அதோடு சண்டை போடலாம். இப்படி எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்கும் கோப்புதான் எனக்கு ஆகாது.

ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணில் பட்டது அந்தக் கடைசிப் பூஜ்யம். ஃப்ரீசர்ஃபர் அட்டவணையில் அங்கே 0 என்றால் முழு நிறம். ஐடிகே-ஸ்நாப்பில் அது 0 முதல் 1 வரை ஓடும் அளவு. 1 முழு நிறம், 0 கண்ணாடி. அவள் நிறத்தோடு பூஜ்யத்தையும் அப்படியே நகலெடுத்திருக்கிறாள். பதினான்கு பாகங்களும் இருந்த இடத்திலேயே கண்ணாடியாக இருந்திருக்கின்றன.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வேலைக்கு விடுமுறை.

சேலத்தில் இன்றைக்குத் தெருவுக்குத் தெரு தேங்காய் சுடும் புகை. குடுமியை எடுத்து, ஓட்டை வழவழவென்று தேய்த்து, கண்ணைத் துளைத்துக் கொஞ்சம் தண்ணீரை வடித்து, வெல்லம், பாசிப்பருப்பு, எள், அவல் எல்லாம் திணித்து, அழிஞ்சிக் குச்சியில் செருகினோம். தீயில் திருப்பித் திருப்பிக் காட்ட, ஓடு கறுத்து வெடித்தது. தம்பி மகன் உரித்துப் பார்த்துவிட்டு, "அத்தை, மண்டை ஓடு மாதிரியே இருக்கு" என்றான்.

என் வேலையிலும் முதல் சில படிகளில் இதுதான் நடக்கும், ஓட்டை நீக்கி மூளையை மட்டும் எடுப்பது. கொஞ்சம் அழுத்தி உரித்தால் ஓட்டோடு பருப்பும் வந்துவிடும் என்று சொன்னேன். அவன் அதற்குள் பாதித் தேங்காயை முடித்திருந்தான்.

ஜூலை 18, வெள்ளி

மூளைக்குள் நீர் நிறைந்த அறையான பக்கவாட்டு வென்ட்ரிக்கிளைச் சுற்றிச் செங்கல் சிவப்பில் மெல்லிசாக ஒரு வளையம்.

அவள் அனுப்பிய படத்தில் முதலில் நான் கவனிக்கவே இல்லை. வென்ட்ரிக்கிள் ஊதா, சுற்றிலும் வெண்பொருள் கிட்டத்தட்ட வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் பென்சிலால் இழுத்த மாதிரி அந்தச் சிவப்பு. புறணிக்கு உரிய நிறம் அது. புறணி மூளையின் வெளித்தோல். உள்ளே, நீர் நிறைந்த அறையின் சுவரில் அதற்கு என்ன வேலை?

நிறத்தைப் பார்த்து யோசித்துப் பயனில்லை, எண்ணைக் கேட்போம் என்று சுட்டியை ஒவ்வொரு வாக்ஸலாக நகர்த்தினேன். 4, 4, 4, 3, 2, 2. வலது பக்கம் போனேன். 43, 43, 42, 41, 41.

அப்போதே புரிந்துவிட்டது. வென்ட்ரிக்கிள் 4, வெண்பொருள் 2. இரண்டுக்கும் சராசரி 3. வலதில் 43க்கும் 41க்கும் சராசரி 42. இரண்டு பக்கமும் சராசரி போய் விழுந்தது புறணியின் எண்ணில். வேறு எண்ணாக இருந்திருந்தால் நிறம் இல்லாமல் ஓட்டை தெரிந்திருக்கும், யாராவது கவனித்திருப்பார்கள். இது முறையான பெயரோடும் முறையான நிறத்தோடும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"இந்தக் கோப்பை 2 மில்லிமீட்டர் வாக்ஸலுக்கு மாத்துனியா?"

"ஆமாக்கா. மூல கோப்பு 1 மில்லிமீட்டர். மூளை வேலை செய்யறதைக் காட்டுற எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனோட பொருந்தணும்னு மாத்தினேன்."

"எந்த முறையில?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "எதுவும் சொல்லலக்கா. அது தானா எடுத்துக்கிச்சு."

தானாக எடுத்துக்கொள்வது பக்கத்து வாக்ஸல்களைச் சராசரி போடும் முறை. ஸ்கேன் படத்துக்கு அது சரி, வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் சாம்பல் இருக்கிறது. பாக எண்ணுக்கு அப்படி நடுவில் ஒன்றும் கிடையாது. அப்புறம் ஹிப்போகேம்பஸின் ஓரத்தையும் பார்த்தேன். 17க்கும் 2க்கும் இடையில் 11, 13 என்று துளித்துளியாக, அங்கே இருக்கக் கூடாத வேறு பாகங்களான காடேட்டும் பாலிடமும் முளைத்திருந்தன. அட்டவணை எல்லாவற்றுக்கும் நிறம் கொடுத்திருக்கிறது. அது என்ன செய்யும், கேட்ட எண்ணுக்கு நிறம் தருவதுதான் அதன் வேலை.

அப்பா சார்ஜர் தேடி மாடிக்கு வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கரை பிசிறடிக்குது?" என்றார். நாற்பது வருடம் வேட்டிக் கரை நெய்த கண். விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனவர், சாயப்பட்டறை கொடுத்த அட்டையோடு வந்தார். மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோன அட்டை. நூல் துணுக்குகள் வரிசையாக ஒட்டியிருக்கும், கீழே நம்பர். எனக்கு எழுத்து தெரியும் முன்னால் இந்த நம்பர்கள்தான் தெரியும்.

"இது ரெண்டு, இது நாலு" என்று அரக்கையும் மயில் பச்சையையும் தொட்டுக் காட்டினார். "ரெண்டையும் ஒரே தொட்டியில முக்கினா மூணாம் நம்பர் வந்துருமா? மூணாம் நம்பர் வேற சாயம்மா."

மூன்றாம் நம்பரில் ஒட்டியிருந்தது வாடாமல்லி.

அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். 1 மில்லிமீட்டர் மூலக் கோப்பிலிருந்து மறுபடி மாற்றச் சொல்லி அவளுக்கு எழுதினேன். இந்த முறை 'நியரஸ்ட்', அதாவது மிக அருகில் இருக்கும் வாக்ஸலின் எண்ணை அப்படியே எடுப்பது. ஏற்கெனவே மாற்றியதைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம் என்றும் எழுதினேன். அதில் எந்த 3 உண்மையான 3 என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அப்புறம், கஷ்டமான வரி: இந்தக் கோப்பிலிருந்து எடுத்த கன அளவுகள் எல்லாம் தப்பு. வழிகாட்டியிடம் அவள் காட்டிவிட்ட அட்டவணை அது.

இரவு பத்து மணி வரை பதில் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு, ஏற்காடு

பெரியம்மா வீடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் மூடுபனி. முன்னால் போன பஸ்ஸின் சிவப்பு விளக்கு மட்டும்தான் வழிகாட்டி. மேலே வந்தால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சொட்டிக்கொண்டிருக்கிறது. கைப்பேசிக்குச் சிக்னல் காபித் தோட்டத்துப் படிக்கட்டில் மட்டும். அங்கே நின்றபோது பதில் வந்தது. எல்லாவற்றையும் திரும்பச் செய்கிறாளாம். கூடவே ஒரு கேள்வி: ஒரு கோப்பில் மட்டும் இடம் வலம் மாறியிருக்குமோ என்று சந்தேகம்.

மூளை இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஸ்கேன் அறையில் நாங்கள் வலது நெற்றிப்பொட்டில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றை பிளாஸ்டரால் ஒட்டி அனுப்புவோம். உள்ளே இருப்பது எண்ணெய், டி1 வகை ஸ்கேன் படத்தில் வெள்ளையாக மின்னும். இந்த ஆய்விலும் ஒட்டியிருக்கிறார்கள். "மாத்திரை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். இடது பக்கம் என்று வந்தது பதில். ஸ்கேனரிலிருந்து வரும் டைகாம் கோப்பில் அச்சு நோயாளியின் இடப்பக்கமாக எண்ணும், ஆய்வுக்காக மாற்றும் நிஃப்டி கோப்பில் வலப்பக்கமாக. நடுவில் யாரோ திசையைச் சொல்லும் கோப்புத் தலைப்பை விட்டுவிட்டு எண்களை மட்டும் நகலெடுத்திருக்க வேண்டும். கையால் திருப்பாதே, டைகாமிலிருந்தே மறுபடி மாற்று என்று சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. திரும்ப ஆறு படி ஏறினேன்.

ஜூலை 22, செவ்வாய்

புறணியின் மேற்பரப்புக் கோப்பு. புறணியைப் பாகம் பிரிக்கும் டெசிகன்-கில்லியானி பகுப்பில் ஒரு பக்கத்துக்கு 34 பாகங்கள். அவளுக்கு 33தான் வருகிறது. முன்மடலின் நடு மடிப்பில் முன்பகுதி, பின்பகுதி என்று இரண்டு உண்டு. ஒன்றைக் காணோம், மற்றது வீங்கியிருக்கிறது.

"ரெண்டுக்கும் ஒரே கலர் குடுத்தியா?"

"படத்துல ஒண்ணா தெரியட்டும்னு குடுத்தேன். எப்படிக்கா தெரிஞ்சுது?"

எனக்கும் ஒரு காலத்தில் மூன்று நாள் போனது இதில்தான். வாக்ஸல்களாலான வால்யூம் கோப்பில் இரண்டு பாகங்களுக்கு ஒரே நிறம் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. இடது வலது ஹிப்போகேம்பஸ் இரண்டுக்கும் ஒரே மஞ்சள்தான், எண் 17, 53 என்று தனித்தனியாக இருக்கிறதே. மேற்பரப்பின் பாகங்களைக் குறித்துவைக்கும் அனாட் கோப்பில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் எழுதப்படுவது நிறத்திலிருந்து செய்த எண். சிவப்பு, கூட்டல் பச்சை பெருக்கல் 256, கூட்டல் நீலம் பெருக்கல் 65536. முன்பகுதிக்கு 75, 50, 125. போட்டுப் பார்த்தால் 8204875. பின்பகுதிக்கு 100, 25, 0, அதாவது 6500. அவள் பின்பகுதிக்கும் 75, 50, 125 கொடுத்ததும் 6500 என்ற ஆளே ஊரில் இல்லாமல் போய்விட்டார்.

இதுவரை நிறத்தை நம்பாதே, எண்ணைப் பார் என்று அவளுக்குப் பாடம் எடுத்த நான், இங்கே நிறமேதான் எண் என்று சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

வழி சுலபம். ஒன்றின் நீலத்தை 126 ஆக்கச் சொன்னேன். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கோப்புக்குத் தெரியும், 8270411. மாலையில் 34 வரிகள் வந்தன.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. தறி ஓடவில்லை, வீடு விநோதமாக அமைதி. படையல் முடிந்து மாடிக்கு வந்தால், மறுபடி மாற்றிய கோப்புகள் எல்லாம் வந்திருந்தன. வழிகாட்டி திட்டினாரா என்று கேட்டேன். "திட்டல. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டார். எங்க அக்காவோட அப்பா சொன்னார்னேன்" என்று எழுதியிருந்தாள்.

வென்ட்ரிக்கிள் ஓரத்தில் சுட்டியை வைத்து நகர்த்தினேன். 4, 4, 4, 2, 2. வலதில் 43, 43, 41. இன்னும் ஐந்தாறு மூளைகளைத் திறந்து பார்த்தேன், அதே.

அப்பா படியில் நின்றுகொண்டே கேட்டார். "மூணாம் நம்பர் போச்சா?"

"போச்சுப்பா."

"அப்போ அந்த அட்டையைக் குடு. நாளைக்குப் பட்டறைக்குப் போகணும்."