மரத்த வெட்டினவனுக்கு ஏன் தீராத பசி?

கிரேக்க புராணத்துல டிமீட்டர்னு சொன்னாலே எல்லாரும் அவ பொண்ணு பெர்செஃபோனி பாதாளத்துக்குப் போன கதையத்தான் சொல்வாங்க, ஆனா அதே டிமீட்டர் வர்ற, எரிசிக்தான்ங்கறவனோட கதைதான் எனக்கு மனச விட்டுப் போகவே மாட்டேங்குது.

தெஸ்ஸாலியில ட்ரியோபஸ்ங்கற ராஜாவோட பையன் இவன். டிமீட்டர் தானியத்துக்கான தெய்வம், அவளுக்குன்னு ஒரு கோயில்காடு இருக்கு, அம்பு விட்டா கூட நுழையாதாம், அவ்ளோ அடர்த்தி. இவன் கோடாலியோட 20 ஆளுங்கள கூட்டிட்டு வந்து வானத்த தொடுற ஒரு பாப்லர் மரத்துலயே மொத வெட்டு போடுறான். டிமீட்டருக்குக் கோவம், ஆனாலும் நிகிப்பேங்கற தன் பூசாரியம்மா உருவத்துல வந்து, "பெத்தவங்க வேண்டி வேண்டி பெத்த புள்ளப்பா நீ, நிறுத்திடு"ன்னு பொறுமையாதான் சொல்றா. அவனோ "தள்ளிப் போ, இல்ல கோடாலி உன்மேல இறங்கும், நண்பர்களுக்கு விருந்து வைக்க மண்டபம் கட்டப்போறேன், அதுக்குக் கூரை போடத்தான் இந்த மரம்"ங்கறான். சரி கட்டிக்கோ, இனி உனக்கு விருந்து நிறைய தேவைப்படும்னு சொல்லிட்டு அவன்மேல பசிய ஏவி விட்டுடுறா.

தின்னத் தின்ன பசி கூடுது. சமைக்க 20 பேரு, ஒயின் ஊத்த 12 பேரு, கோவேறு கழுதை, பந்தயக் குதிரை, கடைசியில வீட்டுப் பூனை வரைக்கும் தின்னு தீத்துடுறான். யாராவது விருந்துக்குக் கூப்பிட்டா அவங்கம்மா வெக்கப்பட்டு, ஊர்ல இல்ல, காட்டுப்பன்னி குத்திடுச்சு, குதிரையிலேந்து விழுந்துட்டான்னு தினம் ஒரு பொய் சொல்றாங்க. அவங்கப்பா கடல் தெய்வமான பொசைடன்கிட்ட போய் "ஒண்ணு இவன குணப்படுத்து, இல்லன்னா நீயே சோறு போடு"ன்னு கதறுறார். வீடு மொத்தமா காலியானதும் ராஜா மகன் முச்சந்தியில உக்காந்து எச்சில் ரொட்டிக்குப் பிச்சை எடுக்கறான்.

இது கி.மு. 3ஆம் நூற்றாண்டுல கலிமாக்கஸ்ங்கற கிரேக்கக் கவிஞர் பாடினது. பின்னாடி ரோம்ல ஓவிட்ங்கற கவிஞர் சொன்னதுல வெட்டின ஓக் மரத்துலேந்து ரத்தம் வருது, பெத்த பொண்ணையே வித்து சாப்பிடுறான், கடைசியில தன்னையே கடிச்சுத் தின்னுடுறான். பயங்கரம்தான், ஆனா என்னைக் கேட்டா அந்த அம்மா சொல்ற பொய்தான் அதவிட வலிக்குது, தப்பு பண்ணது ஒருத்தன், கூனிக்குறுகி நிக்கறது குடும்பம்.

மரத்துக்குன்னு தனி தெய்வம் இருந்தும் இங்க தண்டிக்கறது தானிய தெய்வம், அதுதான் விஷயமே. காடு போனா மண்ணு போகும், மண்ணு போனா சோறு போகும். இத கிரேக்கர்கள் கண்ணாலயே பாத்திருக்காங்க, கலிமாக்கஸுக்கு முன்னாடியே பிளேட்டோ, ஏதென்ஸ் பக்கத்து மலையெல்லாம் மண்ணு கரைஞ்சு போய், நோயில இளைச்ச உடம்போட எலும்பு மாதிரி நிக்குதுன்னு எழுதியிருக்கார்.

அப்புறம் அந்த 20 ஆளுங்க. டிமீட்டர் அவங்கள ஒண்ணுமே பண்ணல, எஜமான் கட்டாயத்துல வந்தவங்கன்னு விட்டுட்டா. இன்னைக்கும் மரம் வெட்டினதுக்குப் பெரும்பாலும் மாட்டறது கூலிக்கு வந்தவன்தான், வெட்டச் சொன்னவன் பேரு வெளியவே வராது. அவ அப்படி விடல, நேரா மண்டபம் கேட்டவன் வயித்துலயே கை வச்சா.