இருமல் மருந்தால் போன இரண்டு மாதம்: மகனின் ஹே ஃபீவரும் ஜிசிஎஸ்இ பரீட்சையும்

"இந்த ஐந்து நாளில் வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா?" என்று நர்ஸ் கேட்டபோது, மகன் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தான். "இருமலுக்கு மட்டும், ராத்திரியில் கொஞ்சம் சிரப்" என்றேன். பெயரைக் கேட்டார், கணினியில் தேடினார், கையில் எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதில் டைஃபென்ஹைட்ரமைன் இருக்கிறதாம். அதுவும் ஆன்டிஹிஸ்டமின்தான், அதாவது ஒவ்வாமையை அடக்கும் மருந்துதான்.

மகனுக்கு ஹே ஃபீவர், அதாவது மகரந்த ஒவ்வாமை. அதற்காகத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்கு ஐந்து நாள் முன்பே ஆன்டிஹிஸ்டமினை நிறுத்த வேண்டும் என்று கடிதத்தில் போட்டிருந்தது உண்மை. அவன் அப்போது எடுத்துவந்த செட்டிரிசின் மாத்திரையை நாள் எண்ணி நிறுத்தியிருந்தேன். இருமல் மருந்துக்குள்ளும் அதே வகை இருக்கும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நான்கு மாதம் காத்திருந்து கிடைத்த நேரம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அடுத்த தேதி பிப்ரவரி கடைசியில் என்றார்கள். லண்டனில் பஸ் மாறி வீடு வந்து சேரும்வரை நானும் அவனும் பேசிக்கொள்ளவே இல்லை.

மூன்று மாதம் தள்ளிப்போவதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்களுக்கு அதில்தான் எல்லாம் இருந்தது. இங்கிலாந்தில் புல் மகரந்தம் மே நடுவில் கிளம்பி ஜூலை வரை பறக்கும். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வும் சரியாக மே, ஜூனில்தான். அதற்கு முந்தைய ஜூனில், பத்தாம் ஆண்டு இறுதித் தேர்வின்போது, அவனுக்குக் கண் இரண்டும் வீங்கி, மூக்கு அடைத்து, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. தாங்க முடியாமல் கடையில் பிரிட்டான் (Piriton) என்ற ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தும்மல் நின்றது. ஆனால் கணக்குப் பரீட்சையில் பாதி நேரம் மேஜையில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறான். அந்த மாத்திரையை என் கையால் கொடுத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரவைக்கும் ஆன்டிஹிஸ்டமின் வேண்டவே வேண்டாம்.

அப்புறம்தான் 2007-இல் இந்த நாட்டில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். 1,834 மாணவர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஹே ஃபீவர் தொல்லையோடு எழுதியவர்களுக்கு, குளிர்கால மாதிரித் தேர்வைவிட ஜிசிஎஸ்இயில் ஒரு கிரேடு இறங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 40 சதவீதம் அதிகம். தூக்கம் வரவைக்கும் மருந்து எடுத்தவர்களுக்கு 70 சதவீதம். அதை அச்செடுத்து ஜிபியிடம், அதாவது எங்கள் குடும்ப மருத்துவரிடம், கொண்டுபோனேன்.

ஜிபியைப் பார்ப்பதற்குள் வரவேற்பு மேசையைத் தாண்ட வேண்டியிருந்தது. "ஹே ஃபீவருக்கு நாங்கள் மருந்து எழுதுவதில்லை, ஃபார்மசிக்குப் போங்கள்" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். 2018-இல் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் அப்படி ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது சரிதான். ஆனால் அது லேசான, மிதமான ஹே ஃபீவருக்கு மட்டும். கடுமையாக இருந்தால் பொருந்தாது. அந்த "கடுமை" என்ற சொல்லை நாம் சொல்லாவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. மூன்றாவது முறை போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: எத்தனை நாள் பள்ளி போகவில்லை, எத்தனை ராத்திரி தூங்கவில்லை, என்னென்ன மருந்து எத்தனை வாரம் எடுத்தான், ஆஸ்துமா பம்ப்பை எத்தனை முறை கூடுதலாக அடித்தான். அதைப் பார்த்த பிறகு ஜிபி ஒரு கேள்வியும் கேட்காமல் ஒவ்வாமை ஸ்பெஷலிஸ்ட்டுக்கு ரெஃபரல் எழுதினார்.

அவரே டைமிஸ்டா என்ற மூக்கு ஸ்ப்ரேயும், கண்ணுக்கு ஓலோபடடின் சொட்டு மருந்தும், ஃபெக்சோஃபெனடின் என்ற ஆன்டிஹிஸ்டமின் 120 மில்லிகிராமும் எழுதினார். ஸ்ப்ரேயை மூன்று வாரம் தப்பாகவே அடித்துக்கொண்டிருந்தான். தலையை அண்ணாந்து, நடு எலும்பை நோக்கி அடித்து, பலமாக உறிஞ்சிவிடுவான். மருந்தெல்லாம் தொண்டைக்குப் போய்க் கசந்தது, மூக்கில் ரத்தமும் கசிந்தது. பக்கத்துத் தெரு ஃபார்மசிஸ்ட் அக்காதான் நின்று சொல்லிக்கொடுத்தார். தலையைச் சற்றுக் குனிய வேண்டும், வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை, முனை கண் ஓரத்தைப் பார்க்க வேண்டும், மெதுவாக மூச்சிழுத்தால் போதும். இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். இவன் ஃபெக்சோஃபெனடினைத் தினமும் ஆரஞ்சு ஜூஸோடு விழுங்கிக்கொண்டிருந்தான். பழச்சாறு அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடுமாம். தண்ணீருக்கு மாறினான்.

நடுவில் உடன் வேலை பார்க்கும் ஒருவர், தனியார் கிளினிக்கில் கெனலாக் ஊசி ஒன்று போட்டால் சீசன் முழுக்கக் கவலையில்லை என்றார். ஜிபி மறுத்துவிட்டார். அது ஸ்டீராய்டு, போட்டுவிட்டால் வாரக்கணக்கில் உடம்பில் இருக்கும், பக்கவிளைவு வந்தால் திரும்ப எடுக்க வழியில்லை, வளரும் பிள்ளைக்கு வேண்டாம் என்றார். விட்டுவிட்டேன்.

சரி, அந்தத் தள்ளிப்போன சோதனைக்கு வருகிறேன். ஸ்பெஷலிஸ்ட்டிடம் போனதே கிராசாக்ஸ் என்ற, உடம்பை மகரந்தத்துக்குப் பழக்கும் மாத்திரைக்காக. டிமதி புல்லின் மகரந்தச் சாரத்தில் செய்தது, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். சீசனுக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். மேயிலிருந்து பின்னால் எண்ணினால் ஜனவரி நடு. பிப்ரவரி கடைசியில் சோதனை என்றால் அந்த வருடப் பரீட்சைக்கு அது உதவாது.

அப்பாயின்ட்மென்ட் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பிரயோஜனமே இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பெஷலிஸ்ட்டின் செக்ரட்டரி எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் நான் கற்றது. அந்த அம்மாவிடம் மே மாதத்தில் பரீட்சை என்று சொல்லி, யாராவது ரத்து செய்தால் ஒரு மணி நேர அவகாசத்தில் வந்துவிடுவோம் என்றேன். ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு காலை கூப்பிட்டார். மகன் யூனிஃபார்மோடு பள்ளியிலிருந்து நேராக வந்தான்.

இந்த முறை பதினைந்து நிமிடத்தில் முடிவு தெரிந்தது. கையில் புல் மகரந்தச் சாரம் போட்ட இடம் கொசு கடித்தது மாதிரி பெரிதாகத் தடித்திருந்தது. டாக்டர் பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். ஒவ்வாமைக்கான ஐஜிஇ ரத்தப் பரிசோதனைக்கு ஆன்டிஹிஸ்டமினை நிறுத்தவே தேவையில்லையாம். அப்படியென்றால் நவம்பரிலேயே ரத்தம் எடுத்திருக்கலாமே! அன்று ஒருவரும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால், "ரத்தப் பரிசோதனை இன்றைக்கே செய்யலாமா?" என்று கேட்காமல் வெளியே வராதீர்கள்.

ஊசியா மாத்திரையா என்று பேசும்போது டாக்டர் சொன்னது எனக்குத் தெம்பாக இருந்தது. புல் மகரந்தத்தையே மருந்தாக ஊசி போடும் முறையை லெனர்ட் நூன் என்பவர் இதே லண்டனில், செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில், 1911-இல் வெளியிட்டிருக்கிறார். நூறு வருடம் தாண்டிய வைத்தியம். ஊசிக்கு அடிக்கடி வர வேண்டும், பள்ளி கெடும் என்பதால் மாத்திரை என்று முடிவானது. ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்று ஊதச் சொல்லிப் பார்த்த பிறகுதான் முதல் மாத்திரையைக் கொடுத்தார்கள். அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்தார்கள். வாயும் காதின் உள்ளேயும் அரித்தது. வீட்டிலும் இரண்டு வாரம் அப்படித்தான். பிறகு அடங்கிவிட்டது.

ஸ்ப்ரேயை ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கினோம், அது முழுதாக வேலை செய்ய இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால். பள்ளியில் தேர்வு அலுவலர் ஒரு மின்னஞ்சலிலேயே ஜன்னலுக்குத் தள்ளி இடம் ஒதுக்கினார்.

முழுசாகப் போய்விடவில்லை. ஜூன் முதல் வாரம் காற்றடித்த இரண்டு நாள் கண் சிவந்தது, தும்மினான். ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் தூங்கினான். கடைசித் தாள் இயற்பியல். வழக்கமாக ஜூனில் புல்வெளியைத் தவிர்க்க மெயின் ரோடு வழியாகச் சுற்றித்தான் வருவான். அன்று நண்பர்களோடு பார்க்கின் நடுவே நடந்து வந்தான். நான் வைத்தனுப்பிய டிஷ்யூ பாக்கெட் பிரிக்கப்படாமல் பையில் கிடந்தது. மூன்று வருடம் மாத்திரையை விடாமல் எடுக்க வேண்டும், இன்னும் இரண்டரை வருடம் பாக்கி. மறுநாள் காலையும் பல் தேய்த்ததும் நாக்குக்கு அடியில் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் எச்சில் விழுங்காமல் சமையலறையில் நின்றான்.